அல்லா பிச்சை பழித்த கதவு

கதவு பாய் அல்லா பிச்சையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஆளாளுக்கு அவரைப் புகழ்ந்துகொண்டு வந்தார்கள். "பழைய கதவோட அருமை தெரிஞ்ச மனுஷன்" என்றார் ஒருத்தர். "அவரு மாதிரி ரசிக்க இந்தக் காரைக்கால்ல இனிமே யாரு இருக்கா" என்றார் இன்னொருத்தர். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பன்னிரண்டு வருஷம் அந்த மனுஷன் கூடவே போய்க் கதவு கழற்றியவன் நான், விழிதியூர் தங்கையன் ஆசாரி. ஒரு கதவைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. வந்ததெல்லாம் வெற்றிலை எச்சிலும் ஏச்சும்தான்.

அருமை தெரிந்தவராம்! தெரியும், யார் இல்லை என்றது? அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒன்றும் தெரியாத முட்டாள் பழித்திருந்தால் தொலைகிறான் என்று விட்டிருப்பேன்.

அவருடைய வாப்பா ரங்கூனில் மரவாடி மேஸ்திரி. பிள்ளை தேக்குத் தூளில் புரண்டு வளர்ந்தது. யுத்த காலத்தில் குடும்பம் ஊர் வந்து சேர்ந்த பிறகு நாகப்பட்டினத்து மரவாடி ஒன்றில் இருபது வருஷம் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நகத்தால் கீறி மோந்து பார்த்து, இது பர்மாத் தேக்கு, இது மலையாளத் தேக்கு என்று சொல்லிவிடுவார். ஆண்டவன் கொடுத்த அந்த மூக்கை வைத்துக்கொண்டு கௌரவமாகப் பிழைத்திருக்கலாம். விதி யாரை விட்டது? எழுபத்து நாலில் ஊருக்குள் கல்ஃப் பணம் வர ஆரம்பித்தது.

குவைத்துக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் பணம் அனுப்பியதும் வீட்டுக்காரர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பாட்டன் வைத்த கதவைக் கழற்றி எறிந்தார்கள். அந்த இடத்தில் சன்மைக்கா ஒட்டிய ஃப்ளஷ் கதவு வந்தது. அந்த சன்மைக்காவில் வரி வரியாக மரத்தின் படம் அச்சடித்திருக்கும். நிஜ மரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தின் படத்தை மாட்டிக்கொண்ட புத்திசாலிகள்! தட்டினால் தகரம் மாதிரி சத்தம். அதற்கு ஒரு ரிப்பன் கட்டி, பால் காய்ச்சி, பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பெருமை வேறு.

கழற்றிய கதவுகள் பாய் கைக்கு வந்து, பாண்டிச்சேரிக்குப் போகும். அங்கே வாங்குகிறவர்கள் மட்டும் பெரிய ஞானிகளா? ஒருமுறை ஒரு வீட்டில் போய்ப் பார்த்தேன். நாங்கள் முதுகு ஒடியத் தூக்கிக் கொடுத்த கதவைப் படுக்கப்போட்டு, நாலு கால் அடித்து, மேலே கண்ணாடி வைத்துச் சோறு தின்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அந்த வீட்டுக்காரர் "ஆர்ட், ஆர்ட்" என்று காட்டினார். கதவு என்றால் திறக்க வேண்டும், மூட வேண்டும். அதுகூடத் தெரியாத ஜென்மங்கள்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று வயிறு வளர்த்தவர் கதவு பாய். அவருடைய தொழில் நுணுக்கத்தைச் சொல்கிறேன், கேட்டால் காறித் துப்புவீர்கள். இடுப்பில் ஒரு பொடி டப்பி வைத்திருப்பார். எல்லோரும் மூக்குப் பொடி என்று நினைப்பார்கள். உள்ளே இருந்தது பூச்சி அரித்த மரத்தின் மாவு. எங்கேயாவது உளுத்துப்போன முருங்கைக் கட்டையைத் தட்டி அதைச் சேர்த்து வைத்துக்கொள்வார். ஒரு வீட்டுக்குப் போனால் நல்லா இருக்கீங்களா என்று விசாரித்துக்கொண்டே கதவோரம் குனிவார். நிமிரும்போது கதவுக்கடியில் ஒரு சிட்டிகை மாவு கிடக்கும்.

"அடடா! என்னங்க இது, இப்படி விட்டுட்டீங்க? உள்ள பூராவும் உளுத்துப்போச்சு பாருங்க."

வீட்டுக்காரர் பதறிப்போவார். பாய் விரல் முட்டியால் தட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், வெளியே போய் எச்சில் துப்பிவிட்டு வருவார். "இந்த வேலைப்பாடு பண்ணவன் கையை ஒடைக்கணும். கொடியா இது, கொடல் மாதிரி இருக்கு. அடுப்புக்குக்கூட ஆகாது. ஏதோ உங்களுக்காக எடுத்துக்கறேன்." அப்புறம் என்னைப் பார்த்து, "என்ன ஆசாரி, சரிதானே?" என்பார். நானும் தலையை ஆட்டுவேன். கூலிக்கு மாரடிக்கிறவன் வேறென்ன செய்வான்? அந்த ஆட்டலுக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

இப்படி எத்தனையோ வீடு. அவற்றையெல்லாம் விடுங்கள். பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஆஸியா பீவி அம்மா வீட்டுக் கதவு ஒன்று இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆஸியா பீவி புருஷனை இழந்தவர். மகன் ஜெய்னுலாபுதீன் குவைத்தில். மகள் கமருன்னிசா வீட்டில். கப்பல் வைத்திருந்த பாட்டனார் கட்டிய வீடு அது. அந்தக் கதவு என்னுடைய தொழிலில் நான் பார்த்த கதவுகளிலேயே தலையானது. இரட்டைக் கதவு, ஒரே தேக்கைப் பிளந்து இழைத்தது. இடப்பக்கம் கீழே ஒரு மாதுளங்கொடி முளைத்து, மேலே ஏறி, நிலையின் நெற்றியில் படர்ந்து, வலப்பக்கம் இறங்கிப் பூவும் காயுமாக முடியும். இரண்டு கதவையும் சேர்த்து மூடினால் இந்தக் கதவில் தொடங்கிய தளிர் அந்தக் கதவில் போய் முடியும். நடுவில் ஒரு மயிரிழை விலகல் கிடையாது. எழுபது எண்பது ஐப்பசி மழை குடித்த மரம், ஐயா! ஆணி என்று ஒன்று இல்லை, எல்லாம் கழுந்தும் துளையும். கீல் கிடையாது, கல்குழியில் குடுமி நின்று சுழலும், முனகாது. மூடும்போது 'தும்' என்று ஒரே சத்தம்.

முதல் தடவை அதைப் பார்த்த அன்றே பாய் மாவைத் தூவிவிட்டார். "லாத்தா, இது தாங்காது" என்றார். லாத்தா என்றால் அவர்களில் அக்கா. அந்த அம்மா, "என் வாப்பா பூட்டித் தொறந்த கதவு தம்பி, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்து அந்த மாவைக் கூட்டித் தள்ளிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். ஆஸியா பீவி வீட்டுத் தாழ்ப்பாள் ஒன்றைச் சரிசெய்ய நான் போயிருந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தொழுகைக்குப் போகவேண்டிய பாய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையைக் கொடியின் மேல் வைத்து, கீழிருந்து மேலே மெல்லத் தடவிக்கொண்டே போனார். எட்டாத இடத்துக்கு நுனிக்காலில் எம்பினார். அந்த முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைக்கூட மனுஷன் அப்படிப் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சீ, தூசி" என்றார்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இந்தக் கதவு பாண்டிச்சேரிக்குப் போகாது என்று.

அவருக்கு ஒரே மகள், அமீர் நிஷா. எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவாள். அவர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணைப் பெற்றவன் அவளுக்கென்று ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். கொடுக்கும் வீட்டு வாசலைப் பார்த்துத்தான் வருகிற சம்பந்தி வீட்டார் தகப்பனை எடை போடுவார்கள். எண்பத்திரண்டில் பாய் வீடு கட்ட ஆரம்பித்தார். சின்ன வீடுதான், இரண்டு அறை. அந்த வீட்டுக்கு ஆஸியா பீவியின் கதவு என்று முடிவு கட்டிவிட்டார். மகளிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார். "அந்த மாதுளங்கொடிக் கதவு உனக்குத்தாம்மா. உன் மாப்பிள்ளை அது வழியாத்தான் உள்ள வருவாரு." அந்தப் பெண் அன்றிலிருந்து பள்ளிவாசல் தெருவில் போகும்போதெல்லாம் அந்தக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகும்.

சரி, ஆசைப்பட்டாய். போய்க் கேள். 'லாத்தா, இது மாதிரி ஒரு கதவு உலகத்தில் இல்லை, என் மகளுக்குக் கொடுங்கள்' என்று கேட்டுவிட்டால் வாய் வெந்து போய்விடுமா? கேட்கவில்லை. பதிலாக என்ன செய்தார் தெரியுமா? குடுமிக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் என்னை அனுப்பிக் கயிறு வைத்து அளக்கச் சொன்னார். நிலையோடு சேர்த்து ஏழரை அடி உயரம், ஐந்து அடி அகலம். அந்த அளவுக்கு வாசல் விட்டுச் சுவர் எழுப்பச் சொன்னார். வாங்காத கதவுக்கு வாசல் வைத்த ஒரே மனுஷன் இந்தச் சீமையில் இவர்தான்.

"பாய், அவங்க குடுக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"போய்யா. முகப்பை மாத்தப் போறதா மகன் கடிதாசி போட்டிருக்கான். தானாக் கழட்டி மூலையில சாத்துவாங்க. இத்தனை வருஷமா நான் சொல்லிச் சொல்லி அதைக் குப்பையாக்கி வச்சிருக்கேன். குப்பையை யாரு வெலை பேசுவா? வண்டியக் கொண்டுபோய் எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

அதற்கப்புறம் அவருடைய பழிப்பு பத்து மடங்கு ஆயிற்று. மாதம் ஒரு தடவை போவார். ஒரு சிட்டிகை ரெண்டு சிட்டிகை ஆயிற்று. கடைசியாகப் போன அன்று ஆஸியா பீவி கொஞ்சம் கவலையாகவே கேட்டார்.

"பிச்சை தம்பி, கமருன்னிசாவுக்கு நிக்காஹ் பேசியாச்சு. புதுக் கதவு போடப்போறோம். இந்தப் பூச்சி அதுக்கும் ஏறுமா?"

"ஏறுமாவா? கட்டிலு, அலமாரி எதையும் விடாது லாத்தா. வெளியில எடுத்தா அன்னைக்கே எரிச்சுடணும் இத. வீட்டுக்குள்ள ஒரு நாள் வச்சிருக்கப்படாது."

வாய் போகிற வேகத்தில் சொன்னது. எரி என்றால் யார் எரிப்பார்கள், என்னிடம்தானே தள்ளிவிடுவார்கள் என்ற திமிர்.

பாய் தெருவில் இறங்கியதும் அந்த அம்மா என்னை மட்டும் நிறுத்தினார். "ஆசாரி, நீங்க கை வச்சுப் பாக்கிற ஆளு. நெசமாவே பூச்சிதானா? எனக்கு மனசு ஒப்பலை. எங்க வாப்பா காலத்துல இதைப் பாக்கிறவங்க மாஷா அல்லான்னு சொல்லாமப் போனதில்ல. இப்பத்தான் இப்படிக் கேக்கவேண்டியிருக்கு."

ஒரே ஒரு வார்த்தை. 'இல்லைம்மா, இது இன்னும் நூறு வருஷம் நிற்கும்' என்று சொல்லியிருக்கலாம். உளி பிடிக்கிற கை எனக்கும் இருக்கிறதே, நாக்கு எங்கே போயிற்று? பாய் தெரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். நானும் லேசுப்பட்ட அயோக்கியன் இல்லை.

அந்த வாரம் ஒரு லாரி நிறையக் கதவுகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் பாண்டிச்சேரி போனோம். முகப்பு வேலை கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்று பேச்சு. ஆகவே பாய் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். வாங்குகிறவர் இழுத்தடித்தார், திரும்பும்போது சீர்காழியில் லாரி படுத்துக்கொண்டது. மூன்று நாள் வேலை ஒன்பது நாள் ஆயிற்று. ஊர் வந்து சேர்ந்த அன்று கமருன்னிசாவுக்குக் கல்யாணம். எனக்கும் அழைப்பு இருந்தது. குளித்துவிட்டு நேராகப் பந்தலுக்குப் போனோம்.

வாசலில் ஃப்ளஷ் கதவு. பளபளவென்று சன்மைக்கா. லீவில் வந்த ஜெய்னுலாபுதீன் கல்யாணத்துக்குள்ளேயே வாசலையாவது மாற்றிவிட வேண்டும் என்று வெளியூர் ஆட்களை வைத்து இரண்டே நாளில் முடித்திருக்கிறார். பாய் முகத்தில் கொஞ்சம்கூடக் கலக்கம் இல்லை. என் விலாவில் இடித்தார். "பாத்தியா? கழட்டியாச்சு. கொல்லையில சாத்தியிருப்பாங்க. சாப்பிட்டுட்டுப் பேசிக்குவோம்."

சகன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்தோம். நெய்ச்சோறும் கறியும் மலை மாதிரி வந்தன. பாய் வளைத்துக் கட்டினார். எனக்கு இரண்டாவது கவளத்திலேயே மூக்கு ஏதோ சொல்லிற்று. கொல்லைப்பக்கத்துப் புகை சவுக்குப் புகையாக இல்லை. தேக்கு எரிகிற எண்ணெய் வாசனை, அதுவும் பழந்தேக்கு. நான் பாயைப் பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மரத்தைச் சொல்கிற மூக்காயிற்றே! கவளம் கையிலேயே நின்றுவிட்டது. கழுவாத கையோடு எழுந்து கொல்லைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

நாலு அடுப்பு, மேலே தேக்சா என்கிற நாலு பெரிய அண்டா. சமையல் பண்டாரி கடைசித் தேக்சாவுக்கு அடியில் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளந்து போட்ட விறகுக் குவியல். அதில் கொடி கொடியாகச் செதுக்கல். ஒரு மாதுளங்காய் முழுசாக மேலே கிடந்தது. நிலையின் நெற்றிப் பலகை பாதி கரியாகி அடுப்புக்குள் இருந்தது. பாய் அதைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். பண்டாரி, "யோவ், சுட்டுக்காதய்யா!" என்று தள்ளிவிட்டார்.

அதற்குள் ஆஸியா பீவி வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா? நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன். கழட்டின அன்னைக்கே பிளந்து போடச் சொல்லிட்டேன். விறகு வெட்டினவன்தான் திட்டித் தீத்துட்டான். உளுத்த மரம்னீங்க, ரெண்டு கோடாலி வாய் மழுங்கிப்போச்சு."

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்கள்ட்ட சொல்றதுக்கு என்ன? உங்க மகளுக்கு வீடு கட்டுறீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளை போகவர இந்தக் கதவையே பாக்கும், நான் பாத்திருக்கேன். நல்ல கதவா இருந்தா கல்யாணச் சீரா நானே தூக்கிக் குடுத்திருப்பேன் தம்பி. பூச்சி புடிச்சதை ஒரு புது வீட்டு வாசல்ல கொண்டுபோய் வைக்க மனசு வருமா? பாவம் இல்லையா?"

இப்போதாவது சொல்லுவார் என்று நின்றேன். அழுவார், தலையில் அடித்துக்கொள்வார், டப்பியைத் தூக்கி அடுப்பில் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் தொண்டையைச் செருமினார்.

"சரியாச் செஞ்சீங்க லாத்தா" என்றார்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "வாயில என்ன பாய், கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஆறு வருஷம்! ஒரு தடவை நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா வீடு தேடி வந்திருக்குமே! தூ!"

அவர் நின்று திரும்பினார். கண் சிவந்திருந்தது, புகையோ என்னவோ. "உன்னைத்தானேய்யா தனியா நிறுத்திக் கேட்டா? நீ சொன்னியா?" என்றார்.

அமீர் நிஷா கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. ஐந்து அடி வாசல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அந்த அளவுக்குச் செய்து வாங்க அவரிடம் வசதியும் இல்லை, எனக்கு அந்தக் கையும் இல்லை. மூன்றரை அடியில் ஒரு ஃப்ளஷ் கதவு வாங்கினோம். இரண்டு பக்கமும் முக்கால் அடிக்கு, மேலேயும் கொஞ்சம், செங்கல் வைத்து அடைத்தோம். பூச்சு பழைய சுவரோடு ஒட்டாமல் கோடு விழுந்துவிட்டது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அந்தக் கோடு தெரியும். நான் கீல் முடுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் வந்து நின்றது.

"வாப்பா, ஆஸியா பெரியம்மா வீட்டுக் கதவு வரும்னீங்களே?"

பாய் பொடி டப்பி இருந்த இடுப்பைத் தொட்டுக்கொண்டார். "உளுத்துப்போச்சும்மா" என்றார். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு அதை இரண்டு தடவை சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்குக் கேட்டது.

அதன் பிறகும் நாலு வருஷம் தொழில் செய்தார். டப்பியையும் விடவில்லை. திருந்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் இல்லாததை எப்படிச் சொல்வது? பள்ளிவாசல் தெரு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டார். மகள் வீட்டுக்குப் போனால் வாசலில் நிற்க மாட்டார், குனிந்தபடி விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார்.

அடக்கம் முடிந்த அன்று அந்த வீட்டுக்கு நானும் போனேன். அமீர் நிஷா அழுது வீங்கிய முகத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளியே பேசிக்கொண்டிருந்த புகழ்ச்சியெல்லாம் அதன் காதிலும் விழுந்திருக்கிறது.

"கதவைப் பாத்து எது நல்லது, எது கெட்டதுன்னு வாப்பா மாதிரி யாருக்குத் தெரியும் ஆசாரி மாமா? நான் அந்த மாதுளங்கொடிக் கதவுக்கு அப்படி ஆசைப்பட்டேன். வாப்பாதான், உள்ள உளுத்திருக்கு வேணாம்னு என்னைக் காப்பாத்துனாங்க. இல்லையா?"

சன்மைக்கா ஒரு மூலையில் உரிந்து, உள்ளே தவிடு மாதிரி மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் காலால் ஒதுக்கினேன்.

"ஆமாம்மா" என்றேன், அந்தக் கதவைப் பழித்து இரண்டாவது தடவையாக.